அணைச்சுட்டுப் போங்க

எங்கள் வீட்டுக்குள் மெழுகுவர்த்தி வந்ததே கிடையாது. கரண்ட் போனால் டார்ச். டார்ச்சில் பேட்டரி தீர்ந்தால் இருட்டு. இருட்டில் யாராவது எதன் மேலாவது இடித்துக்கொண்டால் அது அவரவர் தலையெழுத்து. என் வீட்டுக்காரர் போட்ட சட்டம் அது. அவருக்குத் தீயணைப்பு நிலையத்தில் வேலை. வெந்துபோன வீடுகளைப் பார்த்துப் பார்த்து, நன்றாக இருக்கிற வீட்டைப் பார்த்தாலும் இது எந்த மூலையிலிருந்து பற்றும் என்றுதான் அவர் கண் போகும். விருந்துக்குப் போன இடத்தில்கூட, "ஒரு பிளக்குல இத்தனை வயரா?" என்று கேட்டு, கூப்பிட்டவர்களின் முகத்தைக் கெடுத்துவிட்டுத்தான் கை கழுவுவார். தெருவில் அவருக்குத் தண்ணிவண்டி என்று பெயர். வாழ்நாளில் ஒரு சொட்டு குடித்தவரில்லை, பாவம். புதிதாகக் குடிவருகிறவர்கள் அந்தப் பெயரைக் கேட்டுவிட்டு என்னை இரக்கத்தோடு பார்ப்பார்கள். விளக்கம் சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துவிட்டது.

எங்கள் கல்யாணம் பேசி முடித்த அன்று என் அக்கா என் காதைக் கடித்தாள். "உனக்கென்னடி குறைச்சல்? தினமும் அணைக்கிறதே அவருக்கு வேலையாம். அதுக்குச் சம்பளம் வேற குடுக்கறாங்களாம்." நான் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தேன். சிரித்ததோடு சரி. அந்த மனுஷருக்கு அந்த வார்த்தைக்கு ஒரே ஒரு அர்த்தம்தான் தெரியும் என்பது போகப் போகத்தான் எனக்குப் புரிந்தது.

கெட்டவர் என்று சொல்லவில்லை. தங்கமானவர். ஆனால் வேலை முடிந்து வரும்போது அவர் மேல் புகை, கரி, என்னென்னவோ கருகின வாடை. எங்கள் மகளை வீட்டில் குட்டி என்றுதான் கூப்பிடுவோம்; கல்யாணமாகிப் போன பிறகும் அதே பெயர்தான். அவள் சின்னவளாக இருந்தபோது வாசல் கதவு திறக்கிற சத்தம் கேட்டால் அம்பாகப் பாய்வாள். இவர் இரண்டு கைகளையும் மேலே தூக்கிக்கொண்டு பின்னால் போவார். "தொடாத, தொடாத, அப்பா அழுக்கு. குளிச்சிட்டு வந்துடறேன்." குளித்துவிட்டு வருவதற்குள் அவள் தூங்கியிருப்பாள், இல்லையென்றால் பொம்மையோடு வேறு வேலைக்குப் போயிருப்பாள். அப்புறம் அவள் பாய்வதை நிறுத்திவிட்டாள். கதவு திறந்தால் தலையை மட்டும் தூக்கி, "அம்மா, அப்பா வந்தாச்சு" என்று எனக்குத் தகவல் சொல்வாள். அவர்களுக்குள் சண்டை சச்சரவு ஒன்றும் கிடையாது. ஒரு கை தூரம் விழுந்தது, அது அப்படியே நின்றுபோனது.

அந்தக் குட்டிதான் ஒரு பையோடும் ஒரு மெழுகுவர்த்தியோடும் எங்கள் வாசலில் வந்து இறங்கினாள். ஏழாம் மாதத்தில் குழந்தை உள்ளேயே அசைவதை நிறுத்திவிட்டது. ஆண் குழந்தை. ஆஸ்பத்திரியில் வெளியே எடுத்து, ஒரு துணியில் சுற்றி, கொஞ்ச நேரம் இவள் கையில் கொடுத்தார்களாம். அதற்கு மேல் அவள் எதுவும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

மாப்பிள்ளைதான் கொண்டுவந்து விட்டார். நல்ல பையன். "அத்தை, எனக்கு என்ன பண்றதுன்னே தெரியல. பாப்பாவுக்குன்னு வெச்ச ரூம் கதவையே பார்த்துட்டு உக்காந்திருக்கா. கொஞ்ச நாள் உங்ககிட்ட இருக்கட்டும்" என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே உடைந்துவிட்டார். நான் அவர் முதுகைத் தடவிக் கொடுத்தேன். என் வீட்டுக்காரர் உள்ளே ஓடி ஒரு தம்ளர் தண்ணீர் கொண்டுவந்தார். தண்ணீர் கொண்டுவருகிற விஷயத்தில் அவரை யாரும் குறை சொல்ல முடியாது.

நான் தையல்காரி. மிஷின் இருந்த அறையை அவளுக்கு ஒழித்துக் கொடுத்துவிட்டு, மிஷினை ஹாலில் அவள் கதவுக்கு நேரெதிரே போட்டுக்கொண்டேன். தைப்பது பாதி, கதவைப் பார்ப்பது பாதி. அவள் சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டாள். தட்டில் வைத்தது தட்டிலேயே காய்ந்தது. தலை வாரவில்லை. அழவும் இல்லை, அதுதான் எனக்குப் பெரிய பயம். அழுதால் தேற்றலாம், அழாதவளை என்ன செய்வது? பெண்ணைப் பெற்றவள் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு இருப்பாள் என்று சொல்வார்களே, அந்த நெருப்பு நிஜமாகவே எரிந்தது. இவள் இந்தப் படுக்கையை விட்டு எழுந்து பழையபடி மனுஷியாக வருவாளா, மாட்டாளா? எனக்கு வேறு கேள்வியே இல்லாமல் போயிற்று.

வந்த அன்று சாயங்காலமே ஒரு கூத்து நடந்தது. குளியலறையிலிருந்து, "எங்கயோ எரியுது! எங்கயோ எரியுது!" என்று ஒரு சத்தம். தலையில் சோப்பு நுரையோடு, இடுப்பில் துண்டோடு, இவர் பாய்ந்து வருகிறார். எனக்கு ஒரு வாசனையும் தெரியவில்லை. நேராகப் போய்க் குட்டியின் கதவைத் தள்ளினார். கட்டிலுக்குப் பக்கத்தில் மர ஸ்டூல், அதன் மேல் கண்ணாடி ஜாடி, அதற்குள் ஒரு சுடர். அதற்கு ஒரு சாண் மேலே ஜன்னல் திரை ஆடிக்கொண்டிருந்தது.

கத்தப் போகிறார் என்று நான் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டேன். கத்தவில்லை. அவள் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றார். சோப்பு கண்ணில் வழிந்தது. பிறகு திரையைச் சுருட்டி முடிச்சுப் போட்டார், மின்விசிறியை நிறுத்தினார், ஸ்டூலை மெதுவாக அறை நடுவுக்கு நகர்த்தினார். போய் ஒரு வாளி நிறையத் தண்ணீர் கொண்டுவந்து அவள் கதவுக்கு வெளியே வைத்தார். அன்றிலிருந்து அந்த வாளியில் நான் எத்தனை தடவை கால் இடித்துக்கொண்டேன் என்பதற்குக் கணக்கே இல்லை.

அவளாக அறையை விட்டு முதல் தடவை வெளியே வந்ததும் அந்த மெழுகுவர்த்திக்காகத்தான். ஜாடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு என் மிஷின் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அம்மா, இது நிக்க மாட்டேங்குது. ஏத்த ஏத்த அணைஞ்சு போகுது."

வாங்கிப் பார்த்தேன். நடுவில் கிணறு வெட்டினாற்போல் ஒரு குழி, சுற்றிலும் மெழுகு சுவர் மாதிரி நிற்கிறது. குழியின் அடியில் திரி உருகின மெழுகில் முங்கிக் கிடந்தது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. "போனா போகட்டும்டி, வேற ஒண்ணு வாங்கிக்கலாம்" என்றேன்.

"வேற வேண்டாம்" என்றாள். அவள் என்னைப் பார்த்த பார்வையில் என் வாயிலேயே ஒன்று போட்டுக்கொள்ளலாம் போல் இருந்தது.

அப்போதுதான் இவர் வேலையிலிருந்து வந்தார். சட்டைப் பொத்தானில் வைத்த கை அப்படியே நின்றது. "குடு, பாக்கறேன்" என்றார். டாக்டர் பார்ப்பதுபோல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார், விரலால் தட்டிப் பார்த்தார். என்ன தோன்றியதோ, கழற்றின பொத்தானைத் திரும்பப் போட்டுக்கொண்டு, கடைத்தெருவில் மெழுகுவர்த்தி விற்கிற அம்மாவிடம் கேட்டுவிட்டு வருகிறேன் என்று கிளம்பிவிட்டார். மெழுகுவர்த்திக் கடை வாசலைக் கண்டாலே எதிர்ப்பக்கம் மாறி நடக்கிற மனுஷர்.

திரும்பி வந்து சமையலறையில் என்னிடம் ரகசியம் போலச் சொன்னார். "இதுக்கு ஞாபகம் இருக்காம்."

"எதுக்கு?"

"மெழுகுக்கு. மொதல் தடவை ஏத்தும்போது மேல்பக்கம் முழுசும், ஓரம் வரைக்கும், உருகற வரை எரிய விடணுமாம். அவசரப்பட்டுப் பாதியில அணைச்சுட்டா, அப்புறம் எத்தனை தடவை ஏத்தினாலும் அந்தப் பாதி வரைக்கும்தான் உருகுமாம். ஓரம் அசையாதாம். நடுவுல மட்டும் குழி விழுந்துட்டே போகுமாம்."

"எவ அவ்வளவு அவசரப்பட்டு அணைச்சது?"

"நான்தான்." குட்டி சமையலறை வாசற்படியில் நின்றிருந்தாள். "பாப்பா ரூமுக்குன்னு வாங்கினேன். துவைச்ச துணி மாதிரி வாசனை வரும்னு சொன்னாங்க. எப்படி இருக்குன்னு பார்க்கலாம்னு ஏத்தினேன். அப்புறம், வேண்டாம், அவன் வரட்டும், அவன் வந்ததும் ஏத்திக்கலாம்னு ஊதிட்டேன். அப்ப உதைச்சுக்கிட்டு இருந்தான்."

நான் புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டேன். அவளைத் தேற்றுகிற மாதிரி ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை, இந்த மனுஷர் சொல்லக் கூடாதா என்று அவர் முகத்தைப் பார்த்தேன்.

"சரி பண்ணிடலாம்மா. வழி இருக்கு. ஃபாயில் பேப்பர் வேணும்."

இதற்கு மேல் அவரிடமிருந்து வராது. எனக்கு அது தெரியும். ஆனாலும் பற்றிக்கொண்டு வந்தது.

அந்த வைத்தியத்துக்கு முதலில் திரியை வெட்ட வேண்டும். கால் அங்குலம்தான் இருக்கலாம். நீளமாக இருந்தால் சுடர் ஆடும், புகை வரும், கண்ணாடி கறுத்துப்போகும். இவர் கையை நீட்டி எடுத்தது எதை? என் துணி வெட்டுகிற கத்தரியை! அந்தக் கத்தரியால் நான் காகிதம்கூட வெட்டியதில்லை. கரியும் மெழுகும் அப்பிக்கொண்ட அதைப் பார்த்ததும், வீட்டில் என்ன துக்கம் நடந்திருக்கிறது என்பதையே மறந்து கத்திவிட்டேன். "அய்யய்யோ, என் பொழப்புல மண்ணைப் போட்டுட்டாரே!" என்றதற்கு, "வெறும் திரிதானேடி, நூல்தானே!" என்கிறார். "நகவெட்டியால வெட்டுங்க, இல்ல உங்க பல்லால கடிங்க. என் கத்தரியைத் தொட்டீங்கன்னா தெரியும் சேதி." படுக்கையிலிருந்து சின்னதாக ஒரு சத்தம் வந்தது. இருமலா சிரிப்பா என்று தெரியவில்லை. சிரிப்பு என்று நான் வைத்துக்கொண்டேன்.

குழியில் தேங்கியிருந்த மெழுகைக் கொஞ்சம் வழித்து எடுத்தார். ஜாடியின் வாயைச் சுற்றி ஃபாயில் தாளைக் கட்டி, நடுவில் மட்டும் சுடருக்கு ஓட்டை விட்டார். சூடு வெளியே போகாமல் ஓரத்துக்குத் திரும்பும், பிடிவாதமாக நிற்கிற சுவரும் உருகும் என்று கணக்கு. ஸ்டூலுக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். அடித்து வைத்த ஆணி மாதிரி அசையவில்லை. வெகுநேரம் கழித்து, "ஓரம் உருகிடுச்சு! குட்டி, இங்க பாரு, ஓரம் வரைக்கும் வந்துடுச்சு!" என்றார். அவள் முழங்கையை ஊன்றி எழுந்து எட்டிப் பார்த்தாள். மேலெல்லாம் தெளிவான தண்ணீர் மாதிரி பரவி, நடுவில் சுடர் ஆடாமல் நின்றது. அன்றைக்கு அவள் தட்டில் பாதி காலியாயிற்று. நான் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதேன்.

அதிலிருந்து அது அவர் பொறுப்பு. சாயங்காலம் வேலையிலிருந்து வருவார், குளிப்பார், நகவெட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போவார். கருகின திரித்துணுக்கு மெழுகில் விழாமல் நறுக்குவார். அடியில் ஒரு தட்டு. ஏற்றுவார். கதவோரம் நாற்காலி போட்டுக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு உட்காருவார். ஓரம் உருகினதும், நாலு மணி நேரம் தாண்டாமல், அவரே எழுந்து மூடியைப் போட்டு அணைப்பார். ஊதக் கூடாதாம், ஊதினால் புகை கிளம்பி வாசனையைக் கெடுத்துவிடுமாம். யாரும் அவருக்கு ஞாபகப்படுத்த வேண்டியதில்லை. நெருப்பை எரியவிட்டு எழுந்து போகிற மனுஷரா அவர்?

பேச்சு என்று பார்த்தால் இவ்வளவுதான்:

"புகை வருதா?"

"இல்லப்பா."

"கண்ணு எரியுதா?"

"இல்லப்பா."

"ஜன்னலைக் கொஞ்சம் திறக்கட்டுமா? வேண்டாம், காத்துல ஆடும்."

"சரிப்பா."

நான் மிஷினை மிதித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருப்பேன். இவள் இப்போது சுவர் பக்கம் திரும்புவதில்லை, சுடரைப் பார்த்துப் படுத்திருப்பாள். சில சமயம் சுடரைத் தாண்டி அவரையும் பார்ப்பாள். அவர் மெழுகைப் பார்த்துக்கொண்டிருப்பார். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல் வரும்.

ஒரு நாள் சமையலறையில் பிடித்துக்கொண்டேன். "ஏங்க, ஏதாவது பேசுங்களேன் அவகிட்ட. மெழுகுவத்தியைத் தவிர உலகத்துல வேற ஒண்ணும் இல்லையா?"

"என்ன பேசறது?" என்றார். கோபமே இல்லை, நிஜமாகவே கேட்டார். "அங்கன்னா எங்க எரியுதுன்னு தெரியும், அங்க தண்ணி அடிப்பேன். உள்ள மாட்டிக்கிட்டவங்களத் தூக்கிட்டு வெளிய ஓடி வருவேன். வாசல்ல ஆம்புலன்ஸ் நிக்கும், அவங்க கையில குடுத்துட்டா அவங்க பார்த்துப்பாங்க. இங்க எங்க எரியுதுன்னே தெரியலியேடி எனக்கு."

அப்படித் தூக்கிக்கொண்டு வரும்போது அவர் என்ன சொல்வார் என்று தீயணைப்பு வண்டி டிரைவர் ஒருமுறை எனக்குச் சொல்லியிருக்கிறார். யாரானாலும் ஒரே வார்த்தைதானாம். "பயப்படாதீங்க, நான் இருக்கேன், மூச்ச மெதுவா விடுங்க." ஊரார் பிள்ளைகளுக்கெல்லாம் சொல்லியிருக்கிறார். சொந்தப் பிள்ளைக்கு முன்னால் நாக்கு ஒட்டிக்கொள்கிறது.

மெழுகு இறங்கிக்கொண்டே வந்தது. அடியில் அரை அங்குலம் இருக்கும்போது நிறுத்திவிட வேண்டும், அதற்குமேல் எரிந்தால் சூட்டில் கண்ணாடி வெடித்துவிடும் என்று கடைக்கார அம்மா சொல்லி அனுப்பியிருந்தார். இவர் விரலை ஜாடி மேல் வைத்து வைத்து அளந்தார். முகம் சுண்டிப்போயிற்று. "கொஞ்ச கொஞ்சமா எரிச்சா பத்திரமா இன்னும் நாள் வருமே" என்றேன் நான். "அப்படி எரிச்சாத்தான் மறுபடி குழி விழுந்து செத்துப்போகுமே. முழுசா எரிச்சா தீந்துபோகும். நான் என்னதான் பண்றது?" என்று என் மேல் எரிந்து விழுந்தார். தீர்ந்துபோனால் இவள் திரும்பவும் சுவர் பக்கம் திரும்பிவிடுவாளோ என்ற பயம். எனக்கும் அதே பயம்தான். இரண்டு பேரும் ஒரு ஜாடியைச் சுற்றிக்கொண்டு பைத்தியக்காரர்கள் மாதிரி இருந்தோம்.

அரை அங்குலத்துக்குக் கிட்டே வந்த அன்று சாயங்காலம் ஏற்றும்போதே சொல்லிவிட்டார். "இன்னிக்குக் கடைசிம்மா. இதுக்கு மேல கூடாது. ஜாடி உடையும்."

அவள் ஜாடியைப் பார்த்துக்கொண்டே, "சரிப்பா" என்றாள்.

ஓரம் உருகுவதற்கு முன்பே அவர் போன் அடித்தது. பிளாஸ்டிக் சாமான் கிடங்கு ஒன்று பற்றிக்கொண்டதாம், லீவில் இருப்பவர்கள்கூட வரவேண்டுமாம். இவர் "இதோ வரேன், இதோ வரேன்" என்று நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். குட்டி கூப்பிட்டாள்.

"அப்பா."

"என்னம்மா?"

"போகும்போது அணைச்சுட்டுப் போங்கப்பா."

"பின்ன? எரிய விட்டுட்டா போவேன்?" என்றார்.

மூடியை எடுத்துக்கொண்டு ஜாடியின் மேல் குனிந்தார். அவர் முதுகு அவள் பக்கம். நான் எதிரே மிஷினில் இருந்தேன், எனக்கு இரண்டு பேரும் தெரிந்தார்கள். அவர் இருக்கும்போதெல்லாம் படுத்தே கிடப்பவள், தானாக எழுந்து உட்கார்ந்தாள். போர்வைக்குள்ளிருந்து இரண்டு கைகளும் வெளியே வந்தன. கொஞ்சம் நீண்டு, அந்தரத்தில் நின்றன. இவர் மூடியைப் போட்டார். காத்திருந்தார். மூடியைத் தூக்கிப் பார்த்தார், திரி நுனி சிவப்பாக இருந்ததோ என்னவோ, மறுபடியும் மூடினார். கண்ணாடியைத் தொட்டுச் சூடு பார்த்தார். அந்தக் கைகள் அவ்வளவு நேரமும் அப்படியே இருந்தன. பிறகு மெதுவாக இறங்கிப் போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டன.

அவர் திரும்பினார். "அணைச்சுட்டேன். சூடா இருக்கு, மூடியைத் தொடாத" என்று சொல்லிவிட்டு ஓடினார்.

என் மிஷின் ஊசி துணியைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. தினமும் சொல்லாமலே அணைக்கிறவரிடம் இவள் இன்றைக்கு மட்டும் ஏன் அணைக்கச் சொன்னாள்? "ஏங்க! ஏங்க!" என்று வாசலுக்கு ஓடினேன். வண்டி தெருமுனை திரும்பிவிட்டிருந்தது.

உள்ளே வந்து அவளை நான் கட்டிக்கொண்டேன். இறுக்கிக் கட்டிக்கொண்டேன். அவள் கட்டை மாதிரி இருந்தாள். என் முதுகில் ஒரு தட்டுத் தட்டினாள், ஆறுதல் எனக்குத்தான் தேவை என்பதுபோல.

"நீ இல்லம்மா" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. "விடு. அப்பாவுக்கு வேலை இருக்கு."

சுவர் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டாள். பெற்றவள் நான் குத்துக்கல் மாதிரி பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன், என்னால் ஒரு மண்ணும் செய்ய முடியவில்லை. அவருக்குப் போன் போடலாமா? போட்டு என்ன சொல்வது? கிடங்கு எரிந்துகொண்டிருக்கும்போது, மகளைக் கட்டிப்பிடிக்க மறந்துவிட்டீர்கள், வந்துவிட்டுப் போங்கள் என்றா?

மறுநாள் காலையில் வந்தார். தலை முதல் கால் வரை கரி. கண் இரண்டு மட்டும் சிவப்பு. வழக்கம்போலக் கைகளை உடம்பில் படாமல் வைத்துக்கொண்டு நேராகக் குளியலறைக்கு நடந்தவரை நான் குறுக்கே நின்று மறித்தேன்.

"நேத்து குட்டி என்ன சொன்னா?"

"அணைச்சுட்டுப் போகச் சொன்னா. அணைச்சுட்டுத்தானே போனேன்? ஏன், பத்திக்கிச்சா?" வாளியைத் தூக்கக் குனிந்துவிட்டார்.

"வாளியை வைங்க. எதை அணைக்கச் சொன்னா?"

"மெழுகுவத்திய."

"மெழுகுவத்தின்னு அவ சொன்னாளா?"

வாளியின் பிடியை விட்டார்.

"தினமும் நீங்களேதானே அணைக்கறீங்க? அவ எதுக்குச் சொல்லணும்? எழுந்து உக்காந்து ரெண்டு கையையும் நீட்டிக்கிட்டு இருந்தா என் பொண்ணு. நீங்க மூடியைப் பார்த்துக்கிட்டு இருந்தீங்க. ஊர்ல இருக்கிற தீயெல்லாம் அணைச்சீங்களே, அந்த ஒரு வார்த்தைக்கு இன்னொரு அர்த்தம் இருக்குன்னு இத்தனை வருஷத்துல உங்களுக்கு ஒருத்தரும் சொல்லலியா? நானாவது சொல்லியிருக்கணும்!"

இன்னும் திட்டுவதற்கு என்னிடம் நிறைய இருந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திவிட்டேன். அவர் தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நகக்கண் எல்லாம் கறுப்பு.

"குளிச்சிட்டு…" என்றார்.

"குளிக்கப் போனீங்கன்னா கொன்னுடுவேன்."

போனார். அவள் அறை வாசலில், முதல் நாள் பள்ளிக்கூடத்தில் விட்ட பிள்ளை மாதிரி நின்றார். அவள் கண் விழித்துத்தான் படுத்திருந்தாள்.

"குட்டி."

"ம்."

"அணைக்கட்டுமாம்மா?"

அவள் திரும்பினாள். அவரைப் பார்த்தாள், ஸ்டூலைப் பார்த்தாள். ஜாடி மூடியபடி அங்கேயே இருந்தது.

"அது நேத்தே அணைஞ்சிடுச்சுப்பா" என்றாள். கிண்டல் இல்லை, குத்தல் இல்லை. அவளுக்கு அப்படித்தான் கேட்டிருக்கிறது. ஆமாம் என்று தலையாட்டிவிட்டு இவர் திரும்பி வந்துவிடுவார் என்றுதான் நினைத்தேன். தலையாட்டவும் செய்தார்.

"அது இல்லம்மா" என்றார் பிறகு.

உள்ளே போனார். எப்படி ஆரம்பிப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. கையை அவள் தோளுக்குக் கொண்டுபோனார், எடுத்துக்கொண்டார், தலைக்குக் கொண்டுபோனார். அவருக்குத் தெரிந்த வழி ஒன்றே ஒன்றுதான். குனிந்து, ஒரு கையை முழங்காலுக்கு அடியிலும் ஒரு கையை முதுகுக்குப் பின்னாலும் கொடுத்து, அவளை அப்படியே போர்வையோடு தூக்கிவிட்டார். சாப்பிடாமல் கிடந்த உடம்பு, கனமே இல்லை.

"பயப்படாத. அப்பா இருக்கேன். மூச்ச மெதுவா விடு" என்றார்.

அவள் அந்தக் கரிச்சட்டையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். முதலில் சத்தமே வரவில்லை. அப்புறம் வந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாளிலிருந்து உள்ளே கிடந்த அழுகை அத்தனையும் ஒரே குரலாக வந்தது. நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

தூக்கியவர் நிற்கவில்லை. பழக்கம்! அவர் கால்களுக்கு வேறு எதுவும் தெரியாது. வாளியைத் தாண்டினார், ஹாலைத் தாண்டினார், என் மிஷினைச் சுற்றிக்கொண்டு வந்தார். வாசல் கதவை இடது தோளால் தள்ளித் திறந்தார். அங்கேதான் நின்றார். வெளியே வெயில் ஏறிக்கொண்டிருந்தது. யாரோ சைக்கிளில் போனார்கள், எதிர்வீட்டில் துணி உலர்த்திக்கொண்டிருந்தார்கள். வாங்கிக்கொள்ள யாரும் நிற்கவில்லை.

அவள் அழுதுகொண்டே இருந்தாள். அவர் தெருவை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் பார்த்தார். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தார். கன்னத்துக் கரியில் இரண்டு கோடு இறங்கியிருந்தது.

"எங்கடி கொண்டு போறது இவள?" என்று கேட்டார்.

எனக்குத் தெரிந்தால் சொல்லியிருக்க மாட்டேனா? காற்றில் அடித்துக்கொண்ட கதவை மட்டும் பிடித்துக்கொண்டேன். அவர் அவளை இறக்கிவிடாமல் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார்.